பேடில் போர்டில் முதல் பயணம்: முட்டுக்காட்டுக் கழியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அகன்ற பலகையொன்றின் மேல் நின்றுகொண்டு, ஆள் உயரத்தையும் தாண்டிய ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் ஸ்டாண்டப் பேடில் போர்டிங்கை முதன்முறை முயலப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “விழுந்துவிடுவேனா?” என்பதுதான். விழுவீர்கள், முதல் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று முறையாவது விழுவீர்கள், அதனால் உடை நனைவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நேராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: போகும் நாளில் காற்று எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில் வீசும்? இந்த விளையாட்டில் ஆளைத் தொல்லைக்கு உள்ளாக்குவது சமநிலைக் குறைவைவிடக் காற்றுதான் என்பதால், இந்த வழிகாட்டியில் காற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இதன் இன்றைய வடிவம் ஹவாய்த் தீவுகளின் வைகிகி கடற்கரையிலிருந்து வந்தது. அங்கே அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்கள் தங்கள் மாணவர்களைக் கண்காணிக்கப் பலகையில் நின்றபடி துடுப்புப் போட்டார்கள். பின்னர் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்களால் அது உலகெங்கும் பரவியது. சோழமண்டலக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி அவ்வளவு புதிதாகவும் இராது. கட்டிய மரங்களின் மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்து அலை தாண்டிய மீனவர்களின் கட்டுமரத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஆங்கிலம் அந்தச் சொல்லையே கடன் வாங்கி வைத்திருக்கிறது.

எங்கே போவது

முதல் பயணத்துக்குக் கடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முட்டுக்காட்டுக் கழியை, அதாவது கடலோடு இணைந்த உப்பங்கழியை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கழிமுகத்தின் தென்புறம் உள்ள கோவளத்தில் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களாக உருவாகியிருக்கிறார்கள். பலகையும் பயிற்சியும் அங்கே கிடைக்கின்றன. கோவளம் கடற்கரை 2021-இல், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றதால் மக்கள் வருகையும் கூடியிருக்கிறது. ஆனால் கடற்கரை அழகாக இருப்பது வேறு, புதியவர் பலகையோடு இறங்குவதற்கு ஏற்றதாக இருப்பது வேறு.

கழியில் என்ன வசதி என்றால், காற்று உங்களைத் தள்ளினாலும் மறுகரையில் கொண்டுபோய் ஒதுக்கும். பல இடங்களில் ஆழம் இடுப்பளவோ மார்பளவோதான். அலை உடையாது. கடலில் இந்த மூன்றும் இல்லை. கழிக்கும் தனக்கே உரிய சிக்கல்கள் உண்டு: அடியில் கால் புதையும் சேறு, கூர்மையான சிப்பி ஓடுகள், நட்டு வைத்த மீன்பிடிக் கம்புகளும் வலைகளும், படகுக் குழாமின் விசைப்படகுகள் எழுப்பும் அலை, சாலைப் பாலத்தின் தூண்களுக்கிடையே விரைந்தோடும் நீர். முதல் நாளில் பாலத்துக்கு அருகிலோ கழிமுகத்துக்கு அருகிலோ போகாமல், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே உள்ள விரிந்த நீர்ப்பரப்பிலேயே இருங்கள். சொந்தப் பலகை கொண்டுபோகிறவர்கள் எங்கே இறக்கலாம் என்பதை உள்ளூரில் விசாரித்து, அனுமதி தேவைப்படும் இடத்தில் அதைப் பெற்ற பிறகே இறங்க வேண்டும். வலை கட்டியிருப்பவர் காலையில் எந்தப் பக்கமாக வருவார் என்று கேட்டு வைப்பது மரியாதை. துடுப்பு அவருடைய வலையில் மாட்டினால் நட்டம் அவருக்கு.

மண்டபம், இராமேசுவரம் பக்கம் போக எண்ணுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே நிலத்தின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும்போது வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால், பக்கத்தில் தெரிகிறதே என்று அனுமதியின்றித் தீவை நோக்கித் துடுப்புப் போடக் கூடாது.

எப்போது போவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல், வெள்ளம், கலங்கல் நீர் ஆகிய எல்லாம் சேர்ந்து வரும் மாதங்கள். முதல் பயணத்துக்கு அவற்றை அடியோடு விட்டுவிடலாம். பொங்கலுக்குப் பிறகு தொடங்கி மார்ச் இறுதி வரையுள்ள நாட்கள் பொதுவாக நல்லவை. மழை கொட்டிய பிறகு வானம் தெளிந்தாலும், ஊர்க் கழிவுகள் அடித்து வரப்படும் கழியில் சில நாட்களுக்கு இறங்காமலிருப்பது உடலுக்கு நல்லது.

அமாவாசையையும் பௌர்ணமியையும் நாட்காட்டியில் பாருங்கள். அந்நாட்களையொட்டிக் கடலின் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். சென்னைக் கரையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில்தான் என்றாலும், கழிமுகம் திறந்திருக்கும் காலத்தில் அந்த நீர் முழுவதும் குறுகிய வாய் வழியே ஓடி வெளியேற வேண்டியிருப்பதால், வற்றத்தின்போது கழிமுகத்தை நோக்கிய இழுப்பு வலுவாக இருக்கும். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டுவிட்டால் இந்த இழுப்பு பெரிதும் குறையும். ஆகவே “முகம் திறந்திருக்கிறதா?” என்பது அன்று காலை உள்ளூர்க்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காற்று

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நம் முன்னோர் காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்தே பெயரிட்டார்கள். வானிலை முன்னறிவிப்பும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வீசுவது. பல கைபேசிச் செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட, எழுத்து அது வரும் திசையைச் சொல்லும். இதில் குழம்பி எதிர்த்திசையில் திட்டமிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் கிழக்குக் கரையில் ஒரு சாதாரணமான நாளின் போக்கு இது: இரவில் நிலம் விரைவில் குளிர்வதால், விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய கரைக்காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் அது நின்று, சற்றே அமைதி நிலவி, முற்பகலின் பிற்பகுதியிலோ நண்பகலையொட்டியோ கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் எழும்பும். கடற்காற்று தொடங்கியபின் மாலை வரை வலுத்துக்கொண்டே போகலாம். அதனால்தான் சூரியன் எழும்போது நீரில் இறங்கி, ஒன்பது மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து பத்து மணிக்குப் போய்ச் சேரும் திட்டம், காற்றோடு மல்லுக்கட்டுவதற்கான திட்டம்.

விடியற்காலைக் கடலைப் பற்றி இங்கேயே எச்சரித்துவிடுகிறேன், ஏனெனில் கழியில் ஒரு நாள் நின்று பழகியவுடன் எல்லோருக்கும் கடல் ஆசை வந்துவிடுகிறது. கரைக்காற்று வீசும் வேளையில் கரையோர நீர் கண்ணாடி போலத் தெரியும். கரையிலுள்ள மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் முதல் நூறு இருநூறு மீட்டரில் காற்றே இல்லாதது போல் தோன்றும். அந்த மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். பலகை அழகாக ஓடும். நமக்குத் திறமை வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோம். திரும்பும்போதுதான் உண்மை தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று வலுவாக வீசும் காலைகளில் இது உயிருக்கே ஆபத்து. நீர் தட்டையாக இருப்பதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இனி எண்கள். புதியவர் ஒருவர் நின்றுகொண்டு மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார். நிற்கும் மனித உடல் ஏறத்தாழ ஒரு படகின் பாய் போலக் காற்றை வாங்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்து நின்றால் அந்த மூன்று நான்கு கிலோமீட்டரும் கரைந்து, இருந்த இடத்திலேயே உழன்றுகொண்டிருப்பார். மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் தயக்கமின்றிப் போகலாம். 10-க்கும் 15-க்கும் இடையில் என்றால் கரையோரமாகப் பயிற்சி செய்யலாம். 18 கிலோமீட்டரை, அதாவது கடல்வழி வேக அளவில் சுமார் 10 நாட் (knot) என்பதை, எட்டும் என்று சொன்னால் அன்றைக்கு டீ குடித்துவிட்டு வீடு திரும்புங்கள். சராசரி வேகத்தோடு, இடையிடையே அடிக்கும் வீச்சுக்காற்றின் எண்ணையும் பாருங்கள்; சராசரி 10 என்றிருக்க வீச்சு 25 என்றிருந்தால் அது புதியவருக்கான நாள் அல்ல. நீரின் மேல் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கிவிட்டால் செயலி எதைச் சொன்னாலும் இறங்காதீர்கள்.

என் முதல் பயணத்தில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு மே மாதக் காலையில் பத்து மணிக்குப் பலகையை வாடகைக்கு எடுத்தேன். கொடுத்தவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காற்றோடு போனேன். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று, அதுவும் முழுக்க மண்டியிட்டபடி. மறுநாள் சாம்பார்க் கரண்டியைத் தூக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும்.

கடலுக்கான முன்னெச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. கள்ளக்கடல் என்ற சொல்லை அதில் கண்டால் கவனியுங்கள். எங்கோ தொலைவில், தென்பெருங்கடலில் எழுந்த பேரலைகள் இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரு மாதம் முன்னதாக

நீச்சல் தெரியாமல் பலகை ஏறக் கூடாது. நீச்சல் குளத்தில் தரையைத் தொடாமல் 50 மீட்டர் நீந்தவும், மல்லாந்து ஐந்து நிமிடம் மிதக்கவும் முடிந்தால் போதும். குளத்தின் ஆழமான பக்கத்தில், படியைப் பிடிக்காமல் கைகளை ஊன்றி விளிம்பின் மேல் ஏறிப் பழகுங்கள்; விழுந்தபின் பலகையில் ஏறுவதும் கிட்டத்தட்ட அதே அசைவுதான், பலரும் திணறுவது அதில்தான். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவது கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. வலிப்பு, இதயநோய், தோள்மூட்டு விலகிய முன்வரலாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்ய வேண்டும்.

பலகையும் துடுப்பும்

முதல் பயணத்துக்குப் பலகை வாங்காதீர்கள். நான்கைந்து முறை வாடகைக்கு எடுத்துப் பழகிய பிறகே எந்த வகை தனக்கு ஒத்துவரும் என்று ஒருவருக்குத் தெரியும். பம்பால் காற்றடித்து உப்பவைக்கும் பலகை வகையில், புதியவருக்குப் பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் 6 அங்குலத் தடிமனும் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பலகை ஏற்றது. உடல் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் இன்னும் சற்று அகலமானதைக் கேளுங்கள். ஒடுக்கமான, கூர்முனைப் பந்தயப் பலகையைக் கொடுத்தால் மறுத்துவிடலாம். அது வேகமாக ஓடும், ஆனால் உங்களை நிற்கவிடாது.

காற்றடிப்பதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, வால்வின் நடுவிலுள்ள ஊசி மேலெழுந்த நிலையில் இருக்க வேண்டும். அது அழுந்திய நிலையில் இருந்தால், நீங்கள் பத்து நிமிடம் மூச்சிரைக்க அடித்த காற்று குழாயைக் கழற்றிய நொடியில் சீறி வெளியேறிவிடும். இரண்டாவது, பம்பின் அழுத்தமானி தொடக்கத்தில் அசையவே அசையாது; பலகைக்குள் ஓரளவு அழுத்தம் சேர்ந்த பிறகே முள் நகரும் என்பதால் மானி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாவது, பலகை கல்போல் ஆகிவிட்டதாகக் கை சொல்வதை நம்பாமல், தயாரிப்பாளர் குறித்த அழுத்தம் வரை, பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை, அடிக்க வேண்டும். கடைசி மூன்று நான்கு பிஎஸ்ஐதான் உடலை வருத்தும். அவற்றை விட்டுவிட்டால் பலகை நடுவில் வளைந்து, நிற்பது இரண்டு மடங்கு கடினமாகும். அடித்த பலகையை வெயிலில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகக் கூடாது. உள்ளே காற்று விரிந்து தையல் பிரிந்துவிடும். நிழலில் வைப்பதோ, சிறிது காற்றை இறக்கிவிடுவதோ நல்லது.

பின்புறம் அடியில் பொருத்தும் துடுப்புச்சிறகை, அதாவது ஃபின்னை, அதன் வளைந்த நுனி பின்னோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். பார்த்தால் எளிய செய்தி. வாடகைப் பலகைகளில் தலைகீழாக மாட்டியிருப்பதை நானே இருமுறை கண்டிருக்கிறேன்.

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். கையை மேலே நீட்டினால் மேற்பிடி மணிக்கட்டளவுக்கு வர வேண்டும். நீளத்தை மாற்றும் பூட்டை இறுக்கியபின் துடுப்பை முறுக்கிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் நடுநீரில் சுழலும். துடுப்பின் அலகு, அதாவது நீரில் இறங்கும் தட்டைப் பகுதி, காம்பிலிருந்து சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவு முன்னோக்கி, அதாவது பலகையின் மூக்கை நோக்கி, இருக்கும்படி பிடிக்க வேண்டும். புதியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், கரண்டியால் அள்ளுவது போலத் தோன்றுவதால். அலகில் அச்சிட்ட எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும் என்பதை அடையாளமாகக் கொள்ளலாம்.

லீஷும் லைஃப் ஜாக்கெட்டும்

நீச்சல் வீரர்களும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். பலகையில் கட்டி வைப்பது அணிவதாகாது. கைகளை உயர்த்தி யாரையாவது தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அளவு பெரியது. அதில் ஒரு விசில் கட்டியிருக்கட்டும்.

உங்களையும் பலகையையும் இணைக்கும் கயிறான லீஷ் அதைவிட ஒருபடி முக்கியமானது. நீங்கள் விழும் விசையில் பலகை எதிர்ப்பக்கம் பாயும். பின்னால் காற்று இருந்தால் நீங்கள் நீந்தும் வேகத்தைவிட அது வேகமாக விலகிப் போகும். லீஷ் இருந்தால் எத்தனை முறை விழுந்தாலும், 300 லிட்டர் அளவுக்கு மிதவைத்திறன் கொண்ட தெப்பமொன்று கையெட்டும் தூரத்தில் இருக்கும். அமைதியான கழியில் கெண்டைக்காலில் கட்டும் சுருள் லீஷ் போதும். ஆனால் பாலத்தூண், நட்ட கம்பு, மாங்குரோவ் வேர் போன்றவற்றுக்கிடையே நீர் ஓடும் இடத்தில் காலில் கட்டிய லீஷே எமனாகிவிடும். பலகை தூணின் ஒருபக்கமும் ஆள் மறுபக்கமும் போனால் ஓடும் நீரின் விசையில் குனிந்து காலை எட்ட முடியாது. அத்தகைய இடங்களுக்கு ஒரே இழுப்பில் விடுபடும் இடுப்புப் பட்டை வகை லீஷ் தேவை. புதியவர் அங்கே போகாமலிருப்பது அதைவிடவும் சிறந்தது.

உடையும் சுமையும்

பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். முழுக்கை நீச்சல் சட்டை, உடலை ஒட்டிய செயற்கை இழைக் காற்சட்டை ஆகியன ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். துப்பட்டா, தொங்கும் கயிறுகள் வேண்டாம். கழுத்துச் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். சேற்று நீரில் விழுந்த தங்கத்தைத் தேடிக் கொடுக்க யாராலும் முடியாது. மூக்குக்கண்ணாடிக்குப் பின்கழுத்தில் பட்டை, தொப்பிக்குத் தாடைக்கயிறு. சிப்பி ஓட்டுக்காக மெல்லிய அடிகொண்ட நீர்க்காலணி. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது. கைபேசி நீர்புகாப் பையில், அதுவும் படமெடுக்க அல்ல, அவசரத்துக்கு. முதல் நாளிலேயே நின்ற கோலத்தில் காணொளி எடுக்கும் ஆசை எத்தனையோ கைபேசிகளை மீன்களுக்குக் கொடுத்திருக்கிறது.

அதில் மூன்று எண்களைச் சேமித்து வையுங்கள்: இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108. தனியாகப் போகக் கூடாது. கரையில் இருக்கும் ஒருவரிடம் எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லி, “ஒன்பதரைக்குள் அழைப்பு வராவிட்டால் நீ எனக்கு அழை, நான் எடுக்காவிட்டால் 1093-க்கு அழை” என்று தெளிவாகக் கூறிவிட்டுப் போங்கள்.

நீரில் இறங்கும் காலை

இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். கரையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று நீரைப் பாருங்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, மிதக்கும் இலை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து, இரண்டும் வெவ்வேறு திசையானால் காற்றும் நீரோட்டமும் தனித்தனியே வேலை செய்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். திரும்பி வரவேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஒரு பனைமரத்தையோ கட்டடத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். நீரிலிருந்து பார்த்தால் கரை முழுவதும் ஒன்றுபோலத் தெரியும்.

பலகையை முழங்காலளவு நீர் வரும் வரை நடத்திக் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே ஏறினால் ஃபின் மண்ணில் குத்தி, பலகை சட்டென நின்று, நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள். துடுப்பைப் பலகையின் குறுக்கே வைத்து, இரு கைகளாலும் விளிம்புகளைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக நடுக் கைப்பிடியின் இருபுறமும் ஊன்றுங்கள். அந்தக் கைப்பிடிதான் பலகையின் சமநிலைப் புள்ளி. மூக்கு மேலெழுந்தால் சற்று முன்னே, மூக்கு அமிழ்ந்தால் சற்றுப் பின்னே நகருங்கள்.

முதல் பத்து நிமிடம் முழங்காலிலேயே செல்லுங்கள். பலர் இதை அவமானமாகக் கருதுகிறார்கள். எனக்கு அந்த எண்ணம் புரிவதேயில்லை. காற்று எழும்போதும், படகு அலை வரும்போதும், களைத்துப்போனபோதும் அனுபவசாலிகளும் மண்டியிட்டுத்தான் கரை சேர்கிறார்கள். நிற்பதைவிட மண்டியிட்டு நேராகச் செலுத்தத் தெரிவதுதான் முதல் நாளில் கற்க வேண்டிய திறன்.

நிற்கும்போது இரு கைகளையும் பலகையில் ஊன்றி, முழங்கால் இருந்த இடத்தில் ஒவ்வொரு பாதமாக வைத்து, தோளகலத்தில் கால் பரப்பி, முழங்காலைச் சற்றே மடக்கியபடி எழுந்திருங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். பாதத்தைப் பார்த்தால் உடல் பாதத்தை நோக்கிப் போகும். எழுந்தவுடன் துடுப்பை நீருக்குள் இறக்குங்கள்; நீரில் ஊன்றிய துடுப்பு மூன்றாவது கால். கால்விரல்களால் பலகையைக் கவ்விப் பிடித்தால் பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும், விரல்களைத் தளரவிடுங்கள்.

துடுப்பு வலிக்க, ஒரு கை மேற்பிடியின் தலையிலும் மற்றது காம்பின் நடுவிலும் இருக்க வேண்டும். இரு கைகளாலும் காம்பைப் பிடித்தல், துடைப்பம் பிடித்தல். கையை முன்னே நீட்டி, அலகு முழுவதும் மூழ்கும் வரை செருகி, கணுக்கால் வரை இழுத்து, அங்கேயே வெளியே எடுங்கள். அதற்கு மேல் இழுப்பது நீரைத் தூக்குவதாகுமே தவிர முன்னே தள்ளாது. விசை தோளிலிருந்து வரக் கூடாது, இடுப்பும் வயிறும் திரும்புவதிலிருந்து வர வேண்டும். ஒருபக்கம் நான்கைந்து முறை வலித்து, பிறகு மறுபக்கம் மாறுங்கள். பக்கம் மாற்றும்போது கைகளும் இடம் மாறும். திரும்ப வேண்டுமானால் மூக்கின் அருகில் தொடங்கி வால்வரை அகன்ற அரைவட்டமாகத் துடுப்பை வீசுங்கள். நிறுத்த வேண்டுமானால் துடுப்பைப் பின்பக்கம் ஊன்றி முன்னோக்கித் தள்ளுங்கள். படகின் அலை வந்தால் மூக்கை அலைக்கு நேரே திருப்பி மண்டியிடுங்கள். பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்வது உறுதி.

விழுதலும் ஏறுதலும்

விழப்போவது தெரிந்தால் பலகையைப் பிடிக்க முயலாமல், பலகையிலிருந்து விலகி, உடலைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டில் விழுங்கள். ஆழமில்லாத கழியில் தலைகீழாகவோ நேராகக் கால் நீட்டியோ பாய்ந்தால் சேற்றிலும் சிப்பியிலும் போய் நிற்பீர்கள். மேலெழும்போது ஒரு கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். முதலில் பலகை, பிறகு துடுப்பு. துடுப்பு மிதக்கும், பலகையில் படுத்து இரு கைகளால் நீந்திப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு நடுக் கைப்பிடியைப் பிடித்து, கால்களைப் பின்னால் நீட்டி நீர்மட்டத்துக்கு உயரும் வரை உதைத்து, அந்த உந்தலில் வயிற்றால் பலகையின் மேல் சறுக்கி ஏற வேண்டும். கால் கீழே தொங்கியபடி கையால் மட்டும் இழுத்தால் பலகை உங்கள் மேலேயே கவிழும். இதைக் கரைக்கு அருகில், களைப்பு வருவதற்கு முன்பே, வேண்டுமென்றே விழுந்து மூன்று முறை பழகுங்கள். மூன்று முறையும் ஏற முடியாதவர் அன்றைக்கு மார்பளவு நீரைத் தாண்டக் கூடாது.

காற்று எதிர்த்து நின்றுவிட்டால், துடுப்பின் அலகை மார்புக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்து இரு கைகளாலும் நீரைத் தள்ளுங்கள். காற்றுக்குத் தரும் பரப்பு பெரிதும் குறைந்து, பலகை மீண்டும் நகரத் தொடங்கும். அதுவும் முடியாவிட்டால் பலகையின் மேல் அமர்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். இது உலகெங்கும் ஆபத்துக்கான சைகை. விசிலை மூன்று முறை ஊதுங்கள். எந்நிலையிலும் பலகையை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தாதீர்கள். தேடி வருபவருக்குத் தொலைவிலிருந்து பலகை தெரியும், தலை தெரியாது.

கரையேறியபின்

முதல் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும் நேரத்தில் திரும்புவதுதான் சரியான நேரம், ஏனெனில் திரும்பி வரும் தூரத்துக்கும் உடலில் வலு மிச்சமிருக்க வேண்டும். முழங்காலளவு நீர் வருவதற்கு முன்பே மண்டியிட்டுவிடுங்கள். நின்றபடியே கரையேற முயன்று ஃபின் மண்ணில் தட்டி விழுவதுதான் அன்றைய கடைசி விழுதலாகவும், வலிமிகுந்த விழுதலாகவும் இருப்பது வழக்கம். கரையேறியதும் முதல் வேலையாகக் காத்திருப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

சிப்பி கீறிய காயம் சிறியதானாலும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள்; வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கழியில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பலகை, லீஷ், துடுப்பின் பூட்டு ஆகியவற்றில் உப்பும் மணலும் போகும்படி நன்னீர் ஊற்றி, நிழலில் உலர்த்தி, வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கி, மூக்கிலிருந்து வால்வு இருக்கும் பக்கம் நோக்கிச் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டிக் காரின் பின்பெட்டியில் ஒரு வாரம் விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், வாடகைப் பலகையானால் அதற்கான பணத்தையும் கேட்பார்கள்.